ஐந்து நாட்டுக்கும் உறவில்லாதவன்

எங்கள் நாட்டில் குடிதண்ணீர் இல்லாமல் போனதுண்டு. மின்சாரம் இல்லாமல் போனதுண்டு. ஒரு மழைக்காலத்தில் பிரதமரே இல்லாமல் போனதும் உண்டு. படகு கிடைக்காமல் பக்கத்து நாட்டில் மாட்டிக்கொண்டார், நாங்கள் கவனிக்கக் கொஞ்ச நாளாயிற்று. ஆனால் உறவினர் இல்லாமல் யாரும் இருந்ததில்லை. எஸ்தாக்கி ஒருவனைத் தவிர.

சிப்பித்துறை என்று ஒரு நாடு இருப்பதைப் பலர் நம்புவதில்லை. குற்றம் அவர்களுடையதல்ல. உலக வரைபடப் புத்தகத்தில் நடுப்பக்கத்தில் பின் அடிக்கிற இடத்தில் இருக்கிறோம். எங்களைச் சுற்றி வடமணல், கடம்பா, செவ்வளை, மூன்றுபாறை என்று இன்னும் நான்கு நாடுகள். எல்லோருடைய முன்னோரும் ஒரே கரையிலிருந்து சங்கு குளிக்க வந்தவர்கள். திரும்பிப் போகும் படகுக்குக் காத்திருந்தார்கள், பிறகு காத்திருப்பதை மறந்துவிட்டார்கள். ஒரே நாடாக இல்லாமல் ஐந்தாகப் பிரிந்ததற்கு, ஒரு கல்யாணப் பந்தியில் யாருக்கு முதலில் பரிமாறுவது என்ற தகராறுதான் காரணம் என்பார்கள். அரசியல் சாசனத்தில் அது இல்லை.

இந்த ஐந்து நாடுகளும் சேர்ந்து ஒரே ஒரு மின்னாட்சி இயந்திரம் வாங்கியது சரித்திர நிகழ்ச்சி. ஆளுக்கொன்று வாங்க வேண்டுமென்றால் கடலில் இருக்கும் மீன் போதாது. அதனால் பங்கு போட்டு வாங்கி, மின்சாரம் நிற்காத வடமணலில் வைத்தோம். நடுவன் என்று பெயரிட்டோம். பிறப்பு, இறப்பு, பட்டா, படகு உரிமம், சம்பளம் எல்லாம் ஐந்து நாட்டுக்கும் நடுவன்தான். எந்த நாட்டுக் கோப்பிலும் எந்த நாட்டு அலுவலரும் கையொப்பமிடலாம். இந்த ஏற்பாட்டில் எங்கள் நாட்டுக்கு நான்தான் ஒருங்கிணைப்பு அலுவலர் (பொறுப்பு). அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சொல் என்னோடு வெகுகாலமாக இருக்கிறது. என் மனைவி அதைவிடச் சற்றுத்தான் சீனியர்.

ஒப்பந்தத்தில் பெருமைப்படத்தக்க ஒரு விதி இருந்தது. உறவினர் கோப்பில் உறவினர் கையொப்பமிடக் கூடாது. இதற்கு வலுவான காரணமும் இருந்தது. படகுகள் அணையும் எங்கள் ஜெட்டியைக் கட்டும் வேலை அமைச்சரின் மைத்துனருக்குப் போனது. சிமென்ட் மைத்துனரின் சகலையிடமிருந்து வந்தது. ஜெட்டி இடிந்தபோது விசாரணைக் கமிஷன் சகலையின் அத்தை மகன் தலைமையில் அமைந்தது. அலைகள் மேல்தான் தவறு என்று அவர் கண்டுபிடித்தார்.

நடுவன் ஓடத் தொடங்கிய முதல் வாரம் எல்லாம் அருமையாக நடந்தது. இரண்டாம் வாரம் பழைய விடுப்பு விண்ணப்பங்களை அதற்குள் ஏற்றினோம். மூன்றாம் வாரம் அரசு நின்றுவிட்டது.

எந்தக் கோப்பைத் திறந்தாலும் ஒரே பதில்: ‘கையொப்பமிடத் தகுதியான அலுவலர் இல்லை. காரணம்: உறவு.’

வடமணலிலிருந்து ரிஃப்கா படகில் வந்தார். கூட்டமைப்பின் முதன்மைப் பொறியாளர். இயந்திரங்களோடு பேசிப் பழகியவர் என்பதால் மனிதர்களிடமும் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். எங்கள் தலைமைச் செயலர் கஸ்பார் அறையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார்.

“உங்க எல்லாருக்கும் எல்லாரும் சொந்தம்னு நடுவன் சொல்லுது சார்.”

“அது தெரிஞ்சதுதானம்மா,” என்றார் கஸ்பார். “பேச்சுக்குச் சொல்லிக்கிடுறதுதான்.”

“பேச்சுக்கு இல்ல. எழுத்துல இருக்கு. கையெழுத்தோட.” திரையைத் திருப்பினார். “உங்களுக்கு இதுவரைக்கும் ஒன்பது அப்பா இறந்திருக்காங்க.”

கஸ்பார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதுல ரெண்டு பேரு பெரியப்பா,” என்றார்.

விஷயம் இதுதான். எங்கள் விடுப்பு விதிகளை ஒரு பெரிய நாட்டுக் கையேட்டிலிருந்து எடுத்திருந்தோம். சாவுக்கும் கல்யாணத்துக்கும் விடுப்பு உண்டு, நெருங்கிய உறவினராக இருந்தால் மட்டும். அந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரர் இறந்தால் தபால்காரர்தான் கண்டுபிடிப்பாராம். எங்கள் தீவில் ஒருவர் இறந்தால் எல்லோரும் போக வேண்டும். இல்லாவிட்டால் யார் தூக்குவது? பக்கத்துத் தீவில் இறந்தாலும் படகு பிடித்துப் போவோம். ஆகவே ‘உறவு முறை’ என்ற கட்டத்தில் அவரவருக்குத் தோன்றியதை எழுதினோம். அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. கட்டத்தில் இடம் குறைவாக இருந்தது, அவ்வளவுதான். என் கணக்கில் ஆறு பெரியப்பா, நான்கு தாய்மாமன், செவ்வளையில் ஒரு மாமியார். என் உண்மையான மாமியார் நலமாக இருக்கிறார். இந்தக் கதையை அவர் படிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“அதையெல்லாம் அழிச்சிர வேண்டியதுதானே?” என்றேன்.

“அழிக்கலாம். பொய்னு எழுதிக் கொடுக்கணும். பொய் சொல்லி லீவு எடுத்தவங்களை சஸ்பெண்ட் பண்ணணும்.”

“யாரையெல்லாம்?”

“எல்லாரையும்.”

கஸ்பார் மெதுவாகக் கேட்டார்: “சஸ்பெண்ட் ஆர்டர்ல யாரும்மா கையெழுத்துப் போடுறது?”

“அதுக்குத்தான் ஆள் இல்லியே சார்.”

அந்த நாட்களில் பிறந்த குழந்தைகள் பெயரில்லாமல் வீட்டுக்குப் போயின. இன்சுலின் பெட்டிகள் ஜெட்டியிலேயே கிடந்தன. எடுத்துப் போக அனுமதி இல்லை. ஐஸ் கம்பெனி அமலோற்பவம்தான் தினமும் வந்து பெட்டிகளைச் சுற்றி ஐஸ் கொட்டிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்கவில்லை. நான் நன்றி சொன்னதற்கு, “ஐஸு உருகுறதுக்கு கையெழுத்து வேண்டாமே அண்ணாச்சி” என்றாள்.

பிறகு ஒருநாள் காலை, ஐந்து நாட்டுக் கடைநிலை ஊழியர்கள் வரை தேடி முடித்து, நடுவன் தானாகவே ஒரு பெயரைச் சொன்னது. ‘தகுதியான அலுவலர்: ஒருவர். எஸ்தாக்கி, அலைமட்ட நிலையம், சிப்பித்துறை.’

எஸ்தாக்கி கைக்குழந்தையாக வந்தவன். ஒரு புயலுக்குப் பிறகு ஆளில்லாத படகு ஒன்று கரை ஒதுங்கியது, அதில் இருந்தான். ஐந்து நாடுகளிலும் விசாரித்தோம், யாரும் உரிமை கோரவில்லை. பங்குச் சாமியார் வளர்த்தார். பெரியவனானதும் அலைமட்ட நிலையத்தில் வேலை கிடைத்தது. தண்ணீரில் நட்ட அளவுகோலைப் பார்த்து, கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். அரசாங்கத்தின் தொலைபேசியும் அங்கேதான் இருந்தது. சாவோ கல்யாணமோ, நாங்கள் எல்லோரும் கிளம்பிவிடுவோம். எஸ்தாக்கி போனை எடுப்பான். நாற்பதை நெருங்கும் வரை அவன் ஒருநாள்கூட விடுப்பு எடுத்ததில்லை.

செய்தியைச் சொல்ல நான்தான் போனேன்.

“எனக்கு ஏன் சார்?” என்றான்.

“உனக்குத்தான் யாருமில்லல்லா, அதனால.”

சொன்ன பிறகுதான் அந்த வாக்கியம் என் காதில் விழுந்தது. அவன் அலைமட்டப் பதிவேட்டை மூடி வைத்தான்.

“அது தெரியும் சார். அதுக்கும் ஒரு வேலை உண்டுங்கிறதுதான் இப்பத் தெரியுது.”

இப்படியாக எஸ்தாக்கி ஐந்து நாடுகளின் அரசானான். மற்றவர்கள் கோப்பைத் தயார் செய்வோம், கையொப்பம் அவன். நன்றாகவே ஆண்டான் என்று சொல்ல வேண்டும். யாருடைய மகன் என்று பார்க்கமாட்டான். பார்த்தாலும் அவனுக்கு அதனால் ஒன்றுமில்லை. சிமென்டில் சிமென்ட் இருக்கிறதா என்று கேட்டு எழுதினான். அமைச்சரின் மைத்துனர் முதல்முறையாக சிமென்ட் வாங்கக் கடைக்குப் போனார்.

அமலோற்பவத்தின் பட்டாவும் அப்படித்தான் வந்தது. புருஷன் இறந்த பிறகு ஐஸ் கம்பெனி இடத்தைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்டு வருஷக்கணக்கில் அலைந்தாள். பட்டா அலுவலகத்தில் இருந்தவர் புருஷனின் அண்ணன். அவருக்கும் அந்த இடத்தின் மேல் ஒரு கண் இருந்ததால் கோப்புக்குக் கண் தெரியாமல் போயிற்று. எஸ்தாக்கியிடம் வந்த அன்றைக்கே முடிந்தது. அவள் சூரைமீன் குழம்பு எடுத்துக்கொண்டு அலைமட்ட நிலையத்துக்குப் போனாள்.

எஸ்தாக்கி எனக்குப் போன் செய்தான். “சார், ஒரு சந்தேகம். குழம்பு வாங்கலாமா?”

நான் கஸ்பாரிடம் கேட்டேன். கஸ்பார் மற்ற நான்கு நாடுகளிடம் கேட்டார். கூட்டமைப்பு அவசரமாகக் கூடியது. இருப்பது ஒரே ஒரு ஆள். அவனுக்கும் யாராவது உறவாகிவிட்டால்? சுற்றறிக்கை போட்டோம். ‘கையொப்ப அலுவலருடன் ஒரே பந்தியில் உண்ணுதல், அவரை விசேஷங்களுக்கு அழைத்தல், குழந்தைகளுக்கு ஞானத்தகப்பனாக நிற்கக் கேட்டல், கோயில் திருவிழாவில் அவர் தோளில் கை போடுதல் ஆகியவை தடை செய்யப்படுகின்றன.’ வரைவு என்னுடையது. தமிழ் நன்றாக இருப்பதாகக் கஸ்பார் பாராட்டினார்.

குழம்பு திரும்பிப் போனது. மறுநாள் அமலோற்பவம் ஒரு பாளம் ஐஸ் கொண்டுபோய் வைத்தாள். கம்ப்யூட்டர் சூடாகுமே, அதற்காக என்றாள். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் பற்றி அதில் ஒன்றும் இல்லை. பிறகு தினமும் ஐஸ் போயிற்று. அது உருகி முடியும்வரை பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், இல்லையென்றால் தரையில் தண்ணீர் ஓடிவிடும் என்பதும் அவள் வாதம். தொழில்நுட்ப ரீதியாக மறுக்க முடியவில்லை.

கொஞ்ச மாதத்தில் நடுவனுக்கு ஒரு திருமணப் பதிவு விண்ணப்பம் வந்தது. மணமகன் எஸ்தாக்கி. மணமகள் அமலோற்பவம். பதில் உடனே வந்தது: ‘தகுதியான அலுவலர் இல்லை.’ மணமகளுக்கு எல்லா அலுவலரும் உறவு. உறவில்லாத ஒருவன் மணமகன். தன் கோப்பில் தானே கையொப்பமிட முடியாது.

ஐந்து தலைமைச் செயலர்களும் திரையில் கூடினார்கள். இவ்வளவு ஒற்றுமையாக அவர்களை நான் பார்த்ததில்லை.

“அந்தப் பொம்பளைக்கு எங்க நாட்டுலயே பாதிப் பேரு சொந்தம்,” என்றார் கடம்பாக்காரர். “தாலி ஏறுன நிமிஷத்துல அவன் நம்ம எல்லாருக்கும் மாப்பிள்ளை. அப்புறம் யாரு கையெழுத்துப் போடுவா?”

“வேற ஒரு பொண்ணைப் பாத்தா என்ன?” என்றார் செவ்வளைக்காரர்.

“எந்தப் பொண்ணைப் பாத்தாலும் நம்ம சொந்தம்தான ஓய்.”

“வெளிநாட்டு ஆளைக் கையெழுத்துக்கு வைக்கலாமே?”

“குடிமக்கள் மட்டும்னு ஒப்பந்தத்துல இருக்கு. திருத்தணும்னா தகுதியான ஆள் கையெழுத்துப் போடணும்.”

“அவனே போடட்டும்.”

“அவனுக்கு அதுல சொந்த லாபம் இருக்குன்னு நடுவன் விடாது.”

அவன் ராஜினாமா செய்தால் என்ன என்று நான் கேட்டேன். ராஜினாமாவை ஏற்க வேண்டியதும் அவன்தான் என்று ரிஃப்கா நினைவூட்டினார். பிறகு ‘பரிசீலனையில் உள்ளது’ என்று முடிவெடுத்தோம். எங்கள் மொழியில் அதற்கு ‘முடியாது’ என்று பொருள்.

முடிவைச் சொல்ல ஐஸ் கம்பெனிக்குப் போனேன். இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் அடைப்புக்குறிக்குள் ஒரு ஆளை வைத்திருக்கிறார்கள். அமலோற்பவம் மரச்சுத்தியலால் பாளத்தை உடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

“அந்தச் சட்டத்தை எழுதுனது நீங்கதான அண்ணாச்சி?”

“எழுதுன குழுவுல இருந்தேன்.”

“என்ன செஞ்சீய?”

“ஆமான்னு சொன்னேன்.”

சுத்தியல் விழுந்தது. “கோயில்ல கல்யாண அறிவிப்பு ஓலை வாசிச்சாச்சு. சனிக்கிழமை கல்யாணம். பதிவு இல்லாம தாலி கட்டவைக்க முடியாதுங்காரு புதுச் சாமியார். அஞ்சு நாட்டுக் கல்யாணத்தையும் என் மாப்பிள்ளைதான் பதிஞ்சு குடுக்காவ. அவுக கல்யாணத்தப் பதிய நாதியில்ல.”

“சட்டம்...”

“சட்டத்த விடுங்க. பழைய சாமியார் செத்தாவளே, அன்னைக்கி நடந்தது தெரியுமா? அவுகள வளத்தவரு. அடக்கத்துக்குப் போவணும்னு லீவு எழுதப் போயிருக்காவ. உறவு முறைன்னு ஒரு கட்டமாம். என்ன எழுத? சாமியாருக்கு மகன்னு எழுதுனா சாமியாருக்குல்லா அசிங்கம்? பொய்யும் எழுத வராது அவுகளுக்கு. பேப்பரை மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்து போன் பக்கத்துல உக்காந்துட்டாவ. கோயில் மணிச் சத்தம் அங்க இருந்தே கேட்டிருக்கு.” ஐஸ்தூளைக் கூடையில் அள்ளினாள். “நீங்க போனீயள்லா? என்னன்னு எழுதுனீய?”

“சாமியாருக்குத் தம்பி,” என்றேன்.

அவள் இன்னொரு பாளத்தை எடுத்தாள்.

அலுவலகத்துக்குத் திரும்பி, ஒப்பந்தத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். நானும் சேர்ந்து உருவாக்கிய ஆவணத்தைப் படித்தது அதுவே முதல்முறை. கடைசி விதியில் நின்றேன். வடமணலுக்குப் போன் போட்டு ரிஃப்காவுக்கு வாசித்துக் காட்டினேன்: ‘உறுப்பு நாடுகள் அனைத்திலும் உறவற்ற அலுவலர் ஒருவர்கூட இல்லாத நிலை ஏற்படுமாயின், உறவு விதி நீங்கி, அந்தந்த நாட்டின் பழைய நடைமுறை தொடரும்.’

“இப்படி ஒண்ணு இருக்குன்னு ஏன் சார் யாரும் சொல்லல?”

“கடைசி நாள் மத்தியானம் எழுதுனது. பிரியாணி வந்துட்டு.”

ரிஃப்கா தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. “இது நடுவன்ல இருக்கு. அன்னைக்கே ஓடியிருக்கணும், அரசு நின்னப்பவே. ஓடலை. ஏன்னா ஒரு ஆள் மிச்சம் இருந்தாங்க.”

“எஸ்தாக்கி.”

“ஆமா. அவருக்கு யாருமில்லைங்கிற ஒரே காரணத்துலதான் இவ்வளவு நாள் அந்த உறவு விதி நிக்குது சார். அவருக்கு ஒரே ஒரு சொந்தக்காரர் இருந்தா போதும், அவர் வழியா எல்லாரும் சொந்தமாயிருவாங்க. விழுந்துரும்.”

நான் சனிக்கிழமைக்கு விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். காரணம்: திருமணம். யாருடையது: எஸ்தாக்கி. உறவு முறை: அண்ணன்.

அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். ஆகவே மாலைக்குள் ஐந்து தீவுக்கும் தெரிந்துவிட்டது. மறுநாள் நடுவனில் விண்ணப்பங்கள் குவியத் தொடங்கின. சித்தப்பா, மச்சான், அத்தான், ஒன்றுவிட்ட தம்பி. மூன்றுபாறையின் மீன்வளத் துறை முழுவதும் பங்காளிகளாகிவிட்டது. பட்டா அலுவலகத்துக்காரர், அமலோற்பவத்தின் இறந்த புருஷனின் அண்ணன், ‘சகோதரர் முறை’ என்று எழுதியிருந்தார்; ஊரோடு ஒட்டிக்கொள்வதில் அவர் எப்போதும் முந்திக்கொள்வார். ரிஃப்கா ‘தங்கை’ என்று எழுதி, அடிக்குறிப்பாக ‘நாத்தனார் சீர் எனக்குத்தான்’ என்று சேர்த்திருந்தார்.

கஸ்பார் என்னைக் கூப்பிட்டார்.

“என்னவே இஞ்ஞாசி, கூட்டமைப்பையே கவுத்துப்புடுவீரு போலிருக்கே?”

“விதிப்படிதான் ஐயா.”

“மறுபடியும் மச்சான் மச்சானுக்குக் கையெழுத்துப் போடுவான். ஜெட்டி இடியும்.”

“இடியலாம் ஐயா.”

ஜன்னல் வழியாக ஜெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் ஒரு முனை தண்ணீருக்குள் இருந்தது. “தாய்மாமன்னு போட்டா மாலை எடுத்துட்டுப் போவணுமோ?”

“போவணும் ஐயா. மோதிரமும்.”

“மோதிரமுமா?” யோசித்தார். “சரி, போட்டுருதேன்.”

ஆனால் விண்ணப்பம் போட்டால் மட்டும் போதாது. உறவென்று குறிப்பிடப்படுபவர் உயிரோடு இருந்தால் அவரிடமே கேட்டு உறுதி செய்வது நடுவனின் வழக்கம். எங்கள் முந்தைய உறவினர்களில் பெரும்பாலோர் அடக்கமாகிவிட்டதாலும், மற்ற விண்ணப்பங்கள் நடுவனுக்கு முன்பே ஏற்கப்பட்டவை என்பதாலும் இதுவரை கேட்க வாய்ப்பில்லாமல் போயிருந்தது. இப்போது எஸ்தாக்கியின் திரையில் முதல் விண்ணப்பமாக என்னுடையது நின்றது. கீழே ஒரு கேள்வி: ‘இந்த உறவு உண்மை என்று அறிவீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்கள்.

நான் அலைமட்ட நிலையத்துக்குப் போனபோது அவன் இரண்டையும் தொடாமல் உட்கார்ந்திருந்தான். ஐஸ் பாளம் பாதி உருகியிருந்தது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது.

“அழுத்த வேண்டியதுதான எஸ்தாக்கி?”

“எதை சார்?”

“ஆம்ங்கிறதை.”

“இது நெசமா சார்?”

நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. “நம்ம ஊர்ல எவன் நெசம் எழுதியிருக்கான்? எனக்கே ஆறு பெரியப்பா.”

“அது உங்க கையெழுத்து சார். இது என் கையெழுத்து.” அவன் குரலில் கோபம் இல்லை. “சாமியாருக்கே நான் பொய் எழுதல. எனக்காக எழுதுனா நல்லாருக்காது. அமலிட்ட சொல்லிருதேன். காத்திருப்பா.”

காத்திருப்பாள்தான். அதுதான் பிரச்சினை. ஜன்னலுக்கு வெளியே அளவுகோல் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. போன் அடித்தது. அவன் எடுத்து, “இல்ல, கடல் இன்னும் வத்தல, மூணு மணிக்கு மேல வாங்க” என்று யாருக்கோ சொல்லி வைத்தான். அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது.

“என் மக கல்யாணம் ஞாபகம் இருக்கா?” என்றேன்.

“இருக்கு சார். மழை.”

“அவளுக்குத் தாலி கட்டுனதை நான் பாக்கல. தெரியுமா?”

“ஏன் சார்?”

“பின்னால சோத்துப் பானைகிட்ட நின்னேன். மழையில பந்தல் ஒழுகிட்டு. கெட்டிமேளச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. கல்யாண வீட்டுல தாலி கட்டுறதைப் பாக்கிறவன் விருந்தாளி எஸ்தாக்கி. வீட்டுக்காரன் பாக்கமாட்டான். அவன் அடுப்பாங்கரையில நிப்பான், இல்லன்னா ஐஸ் வரலேன்னு யாருகிட்டயாவது சண்டை போட்டுக்கிட்டிருப்பான்.” நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டேன். “அன்னைக்கி அரசாங்கமே என் வீட்டுப் பந்தியில உக்காந்து சாப்பிட்டுச்சு. நீ இங்க உக்காந்து போனை எடுத்தே. இத்தனை வருஷமா ஊர்ல எந்தக் கல்யாணத்தை நீ பாத்திருக்கே? எந்த அடக்கத்தைப் பாத்திருக்கே? நாங்க எல்லாரும் போய்ப் பாத்துட்டு வந்த விருந்தாளிங்க. உறவுன்னு எழுதுனது நாங்க. இருந்தது நீ.”

அவன் திரையைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். ஐஸ் தண்ணீர் மேசையிலிருந்து சொட்டியது. வழக்கமாக உடனே துடைப்பவன், துடைக்கவில்லை.

“அண்ணன்னா,” என்றான், “மூத்ததா இளையதா, எப்படிச் சேக்கிறது? எனக்குப் பிறந்த தேதி கிடையாது.”

“என் நரைச்ச தலையைப் பாருல. இதுக்கு மேலயா மூத்தவன் வேணும்?”

அவன் பொத்தானை அழுத்தினான். ‘ஆம்.’

நடுவன் கொஞ்சம் யோசித்தது. ஐந்து நாடுகளிலும் ஒரே நேரத்தில் திரைகள் வெறுமையாயின. பிறகு ஒரு வரி வந்தது: ‘உறவற்ற அலுவலர் எவருமில்லை. பழைய நடைமுறை தொடரும்.’

பிறகு நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. கஸ்பார் பயந்தது நடந்தது. ஜெட்டியின் அடுத்த பகுதி மீண்டும் மைத்துனருக்கே போனது. ஒரு வித்தியாசம், அவருக்கு இப்போது சிமென்ட் கடைக்கு வழி தெரியும். சிமென்டை மறந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். ஒருமுறை அவர் மறந்ததற்காக, அமைச்சர் வீட்டுக் குழந்தை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்துக்கு அமலோற்பவம் ஐஸ் கொடுக்க மறுத்து, பொரிச்ச மீனை வெந்நீரோடு சாப்பிட வைத்ததை ஐந்து நாடுகளும் பேசின. தகராறான கோப்பு என்றால் ஜனங்கள் இன்றைக்கும் அலைமட்ட நிலையத்துக்குத்தான் எடுத்துப் போகிறார்கள். அங்கே கையொப்பமிட அவனுக்கு இப்போது தனி அதிகாரம் எதுவும் இல்லை. அவன் படித்துப் பார்த்து, “இது நியாயமில்ல சித்தப்பா” என்பான். சித்தப்பா திரும்பிப் போவார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். கஸ்பார் தாய்மாமனாக மாலையும் மோதிரமும் கொண்டுபோனார், பதிவாளராகக் கையொப்பமும் போட்டார். பழைய நடைமுறைப்படி அதில் தவறில்லை. ஐந்து நாட்டுப் படகுகளும் வந்தன. ரிஃப்கா நாத்தனார் சீரைச் சண்டை போட்டு வாங்கினாராம். இதெல்லாம் எனக்குப் பிறர் சொல்லித் தெரியும்.

ஏனென்றால் அன்று காலை கிளம்பும்போது ஒரு விஷயம் உறைத்தது. எல்லோரும் போனால் போனை யார் எடுப்பது? வேட்டி சட்டையோடு நேராக அலைமட்ட நிலையத்துக்குப் போய் உட்கார்ந்தேன். விடுப்பில் இருப்பவன் வேலைக்கு வந்தது எங்கள் நாட்டு வரலாற்றில் அதுவே முதல் தடவை. கோயில் மணிச் சத்தம் அங்கே நன்றாகவே கேட்கிறது.

போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே ஒரு கிழட்டுக் குரல்.

“ஏ, எஸ்தாக்கியா? செவ்வளைப் படகு. மணல்திட்டுல தட்டிட்டு நிக்கோம். கடல் வெள்ளம் எப்ப ஏறும்?”

“எஸ்தாக்கிக்கு இன்னைக்குக் கல்யாணம்.”

“அது தெரியும்ல. அதுக்குத்தான் வாரோம். நான் மாப்பிள்ளைக்குப் பெரியப்பா. நீ யாருடே? கல்யாணத்துக்குப் போவாம அங்க என்ன செய்யுத?”

“மாப்பிள்ளைக்கு அண்ணன்,” என்றேன். “வேலை இருக்கு.”

“அப்பச் சரி,” என்றது குரல். “வெள்ளத்தைப் பாத்துச் சொல்லு.”

ஜன்னலுக்கு வெளியே அளவுகோல் தெரிந்தது. அதை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டமைப்பில் யாருக்குமே தெரியாது. தெரிந்த ஒருவன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டிருந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, போனைக் கீழே வைக்காமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இருங்க பெரியப்பா,” என்றேன். “ஏறுது.”